அயல்வீட்டுப் போரை வரைந்த ஸர் ஜான் டென்னியல்

ஆனைக்குட்டத்தைச் சுற்றியுள்ள பூமி கரிசல் பூமி. பருத்திக்குப் பெயர் போன பூமி. ஒரு பக்கம் விருதுநகரின் வியாபாரச் சந்தை. மறு பக்கம் படங்களையும் நாட்காட்டிகளையும் லட்சக்கணக்கில் அச்சிட்டுத் தேசமெங்கும் அனுப்பும் சிவகாசி அச்சுக்கூடங்கள். பருத்தி ஒரு தொழில். படம் மற்றொரு தொழில். இவ்விரண்டுக்கும் சம்பந்தம் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அப்பால் நடந்த ஓர் உள்நாட்டு யுத்தம் இவ்விரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிற்று.

1861-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட மாகாணங்களுக்கும் தென் மாகாணங்களுக்கும் போர் மூண்டது. அடிமைகளின் உழைப்பால் தென் மாகாணங்களில் விளைந்த பருத்தியையே இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் பெரும்பாலும் நம்பியிருந்தன. வடவர் தென்னாட்டுத் துறைமுகங்களை முற்றுகையிட்டதும் பருத்தி வரத்து நின்றது. ஆலை முதலாளிகளின் கண் இந்தியாவின் மேல் விழுந்தது. அக்காலத்தில் இந்தப் பகுதி திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரோடு கரிசல் காட்டு விளைச்சல் தூத்துக்குடித் துறையில் கப்பலேறிற்று. விலை பன்மடங்கு உயர்ந்தது. போர் 1865-இல் முடிந்ததும் விலை விழுந்தது. எங்கோ இருவர் அடித்துக்கொண்டால் இங்கே சிலர் வாழ்வதும், அவர்கள் சமாதானமானால் இங்கே சிலர் கெடுவதும் அன்று நம் குடியானவர் கண்ட அநுபவம்.

இந்த விஷயத்தை லண்டன் நகரத்து வாரப் பத்திரிகையான பஞ்ச் ஒரே படத்தில் காட்டிவிட்டது. அவ்வேட்டில் 1861 நவம்பரில் வெளியான சித்திரம் அது. அமெரிக்கக் கடைக்காரர் இருவர் வியாபாரத்தை மறந்து சண்டையிடுகிறார்கள். இங்கிலாந்தின் உருவமாகிய ஜான் புல் என்னும் தடித்த கனவான், நீங்கள் சண்டையையே விரும்பினால் நான் எதிர்க்கடைக்குப் போய்விடுவேன் என்று மிரட்டுகிறார். எதிர்க்கடை இந்தியப் பருத்திக் கடை. அமெரிக்காவில் நாற்பது லட்சம் அடிமைகளின் கதி நிர்ணயமாகிக்கொண்டிருந்த காலம். ஜான் புல்லுக்கோ அது வாடிக்கைக்காரனுக்கு நேர்ந்த ஓர் அசௌகரியம்.

இந்தப் பஞ்ச் பத்திரிகையில் ஐம்பது ஆண்டு வரைந்து, உலக அரசியலுக்கே முகம் எழுதிய சித்திரக்காரர் ஸர் ஜான் டென்னியல். அவர் நம்மவர் அல்லர். நமக்கு நண்பரும் அல்லர். ஆயினும் அவருடைய சரித்திரம் தேசத் தொண்டில் இறங்கியவர்கள் அறிய வேண்டிய சரித்திரம். ஒரு வல்லரசு அயலான் வீட்டுச் சண்டையை எந்தக் கண்ணால் பார்க்கும் என்பதற்கு அவர் படங்களே சாட்சி. நல்ல மனிதன் ஒருவன் தன் கையை மற்றவர் கருத்துக்கு ஒப்படைத்துவிட்டால் அந்தக் கை என்னென்ன செய்யும் என்பதற்கும் அவையே சாட்சி.

டென்னியல் 1820 பிப்ரவரி 28-ந் தேதி லண்டனில் பிறந்தார். முன்னோர் மதக் கொடுமைக்கு அஞ்சிப் பிரான்ஸிலிருந்து இங்கிலாந்தில் குடியேறிய பிராட்டஸ்டண்டுகள். தகப்பனார் வாட்பயிற்சியும் நடனமும் கற்பிக்கும் ஆசிரியர். குடும்பம் பெரியது, வருமானம் சிறியது. மகனுக்கு இருபது வயதான காலத்தில் தகப்பனாரும் அவரும் ஒரு நாள் வாட்பயிற்சி செய்தனர். தகப்பனாரின் வாள்முனையில் மாட்டியிருந்த காப்பு கழன்று விழ, முனை மகனின் வலக் கண்ணில் பட்டது. அக்கண்ணின் பார்வை போயிற்று. தம்மால் மகன் கண் இழந்தான் என்று தெரிந்தால் தந்தை மனம் உடைவார் என்று அஞ்சி, காயத்தின் கொடுமையை அவரிடம் கடைசி வரையில் சொல்லாமலே மறைத்தார் டென்னியல். அவர் சுபாவம் அத்தகையது.

ராயல் அகாடமியின் சித்திரப் பள்ளியில் சேர்ந்தார்; அங்குள்ள போதனை பிடிக்கவில்லை; விட்டுவிட்டார். பிரிட்டிஷ் மியூஸியத்துக்குப் போய்ப் பழைய கிரேக்கச் சிற்பங்களையும், நடுக்கால வீரர்களின் கவசங்களையும் உடைகளையும் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினார். பார்த்ததை மறவாத மனம் அவருக்கு வாய்த்திருந்தது. பிற்காலத்தில் ஆளை எதிரில் உட்காரவைத்து வரையும் வழக்கமே அவரிடம் இல்லை. மனத்திலிருந்து கைக்கு நேராகப் படம் வரும். ஒற்றைக் கண்ணால் அவர் சேர்த்துவைத்த செல்வம் அது.

லண்டன் பார்லிமெண்டு மாளிகை 1834-இல் எரிந்துபோய் மறுபடியும் கட்டப்பட்டு வந்தது. அதன் சுவர்களை அலங்கரிக்கச் சித்திரப் போட்டிகள் நடந்தன. 1845-இல் டென்னியல் நீதி தேவதையைப் பொருளாகக் கொண்டு பதினாறு அடி அளவில் ஒரு படம் எழுதி அனுப்பினார். இருநூறு பவுன் பரிசும், மாளிகையில் ஒரு சுவர்ச் சித்திரம் தீட்டும் வேலையும் கிடைத்தன. வாலிபப் பருவத்தில் அவருக்குக் கீர்த்தி தந்தது நீதியின் உருவம் என்பதை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும். அந்த உருவத்தை அவர் இன்னொரு முறையும் வரைந்தார். அதைப் பின்னால் பார்ப்போம்.

கார்ட்டூன் என்ற சொல்லின் கதையும் அந்த மாளிகையோடு சேர்ந்ததே. சுவர்ச் சித்திரத்துக்கு முன்மாதிரியாகத் தடித்த காகிதத்தில் எழுதும் வரைபடத்துக்கே முதலில் அப்பெயர். 1843-இல் அத்தகைய வரைபடங்களை வைத்துச் சர்க்கார் ஆதரவில் கண்காட்சி நடந்தது. ஏழைகள் பட்டினி கிடக்கப் படங்களுக்குப் பணம் கொட்டுவதா என்று கேட்டு, அதே பெயரில் பஞ்ச் ஒரு பரிகாசப் படம் வெளியிட்டது. எழுதியவர் ஜான் லீச். அன்றுமுதல் அரசியல் பரிகாசப் படத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஏழைக்காகப் பேசிப் பிறந்த சொல் அது. பின்னால் அது யாருக்காகப் பேசிற்று என்பதே கேள்வி.

ஈசாப்பின் கதைகளுக்கு டென்னியல் வரைந்த படங்கள் 1848-இல் வெளிவந்தன. மிருகங்களுக்கு மனித பாவம் கொடுப்பதில் அவருக்கு இருந்த திறமையைப் பஞ்ச் பத்திராதிபர் மார்க் லெமன் கண்டுகொண்டார். 1850-இல் பஞ்ச் கத்தோலிக்க மதத்தைத் தாக்கிற்று. அதன் சித்திரக்காரர்களில் ஒருவரான ரிச்சர்டு டாயில் கத்தோலிக்கர். சம்பளத்தைவிடக் கொள்கை பெரிதென்று அவர் விலகினார். அந்த இடத்துக்கு அழைக்கப்பட்டவர் டென்னியல். மனச்சாட்சிக்காக ஒருவர் காலி செய்த நாற்காலி அது. அதில் அமர்ந்தவர் அரை நூற்றாண்டு எழுந்திருக்கவில்லை.

பஞ்ச் பத்திரிகையின் வேலைமுறை விசித்திரமானது. ஒவ்வொரு புதன்கிழமை இரவும் பத்திராதிபரும் எழுத்தாளரும் சித்திரக்காரரும் ஒரு பெரிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விருந்துண்பார்கள். உண்டு முடிந்ததும் அடுத்த வாரத்துப் பெரிய சித்திரம் எதைப் பற்றியது, அதில் யார் யார் நிற்பது, அடியில் என்ன எழுதுவது என்பதெல்லாம் விவாதித்து முடிவாகும். அந்த முடிவை வாங்கிக்கொண்டு டென்னியல் வீட்டுக்குப் போவார். மறுநாள் யோசனை. வெள்ளிக்கிழமை படத்தை மரக்கட்டையின் மேல் எழுதி முடிப்பார். செதுக்குவோர் ஸ்வெயின் என்பவரின் பட்டறையார். சேர்த்துப் பூட்டிய பல துண்டுகளாலான கட்டையைப் பிரித்து, பலர் ஒரே சமயத்தில் செதுக்கி, மறுபடி பூட்டி அச்சுக்கு அனுப்புவார்கள். ஆகவே கருத்து மேஜையினுடையது, கோடு டென்னியலுடையது, வெட்டு பட்டறையினுடையது. நாட்டாருக்குத் தெரிந்த பெயரோ டென்னியலின் பெயர்தான்.

தமக்கென்று அரசியல் கொள்கை கிடையாது, இருந்தாலும் அதைத் தம்மோடு வைத்துக்கொண்டு பத்திரிகையின் கொள்கையையே வரைந்ததாகப் பிற்காலத்தில் அவர் ஒப்புக்கொண்டார். கபடில்லாத வார்த்தைதான். ஆனால் அந்த வார்த்தைக்கு ஆன செலவு என்ன?

முதலில் நம்முடைய கணக்கைப் பார்ப்போம். 1857-இல் வட இந்தியாவில் சிப்பாய்களும் ஜனங்களும் கும்பினி ஆட்சிக்கு எதிராக எழுந்தார்கள். ஆகஸ்டு 22-ந் தேதிப் பஞ்ச் இதழில், தாயையும் குழந்தையையும் காலடியில் போட்டுக்கொண்டிருக்கும் வங்காளப் புலியின் மேல் பிரிட்டிஷ் சிங்கம் பாயும் படத்தை டென்னியல் வரைந்தார். இங்கிலாந்து முழுவதும் அது பரவிற்று. கான்பூரில் ஆங்கிலப் பெண்டிரும் குழந்தைகளும் கொல்லப்பட்டது கொடுமை, அதை மறுப்பாரில்லை. அதற்குப் பழி வாங்குவதென்ற பெயரால் கிராமங்கள் எரிக்கப்பட்டதும், விசாரணையின்றி மரந்தோறும் மனிதர் தூக்கிலிடப்பட்டதும் அதே அளவு உண்மை. சிங்கப் படம் ஒரு பாதியைக் காட்டி மறு பாதிக்கு உத்தரவு கொடுத்தது. செப்டம்பர் 12-ந் தேதி அடுத்த படம் வந்தது. அதன் பெயர் நீதி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பரிசு வாங்கித் தந்த அதே தேவதை, இப்போது வாளோங்கிச் சிப்பாய்களை வெட்டி வீழ்த்துகிறாள். பின்னால் பீரங்கி வரிசை. ஒரு பக்கத்தில் இந்தியப் பெண்டிர் அழுகிறார்கள். பார்லிமெண்டு மாளிகைக்கு ஒரு நீதி. இந்தியாவுக்கு ஒரு நீதி. இரண்டையும் எழுதியது ஒரே கை.

இனி அமெரிக்கப் போர். பஞ்ச் அடிமை வியாபாரத்தை ஆதரித்த பத்திரிகையன்று. முன்பெல்லாம் கண்டித்தே எழுதியது. போர் வந்ததும் அதன் நடுநிலைமை வடவருக்கு எதிராகச் சாய்ந்தது. இங்கிலாந்து 1861 மே மாதம் நடுநிலைமைப் பிரகடனம் செய்து, தென்னாட்டாரையும் போர் செய்யும் தரப்பாக ஏற்றுக்கொண்டது. சட்டப்படி நடுநிலைமை, நடைமுறையில் கலகக்காரருக்குக் கிடைத்த பாதி அங்கீகாரம். வடவர் இதனால் மனம் கசந்தார்கள்.

அந்த ஆண்டு நவம்பர் 8-ந் தேதி டிரெண்டு என்ற ஆங்கிலத் தபால் கப்பலை வடவரின் போர்க்கப்பல் ஒன்று நடுக்கடலில் நிறுத்தி, அதில் ஐரோப்பாவுக்குப் பிரயாணம் செய்த தென்னாட்டுத் தூதர் மேஸன், ஸ்லைடல் இருவரையும் இறக்கிக்கொண்டுபோயிற்று. இங்கிலாந்து கொதித்தது. கனடாவுக்குச் சேனை கப்பலேறிற்று. டிசம்பர் 14-ந் தேதி டென்னியலின் படம்: பிரிட்டானியா தேவி பீரங்கியின் பக்கத்தில் நின்று கடலை நோக்கிப் பதிலுக்காகக் காத்திருக்கிறாள். அந்த ஒரு படம் இலட்சம் வாசகருக்குப் போர் வெறி ஊட்டப் போதுமானது. வாஷிங்டனில் இருந்த ஜனாதிபதி லிங்கன் ஒரே காலத்தில் இரண்டு யுத்தம் கூடாதென்று கண்டு, ஆண்டு முடிவில் தூதர்களை விடுவிக்க இசைந்தார். விவேகியின் செயல் அது. பஞ்ச் அதை எப்படிக் காட்டிற்று? 1862 ஜனவரி 11-ந் தேதி, லிங்கனின் முகமும் மரநாயைப் போன்ற ஓர் அமெரிக்கப் பிராணியின் உடலும் கொண்ட ஜந்து ஒன்று மரத்தில் ஏறிப் பதுங்க, கீழே ஜான் புல் துப்பாக்கியைக் குறி வைத்து நிற்பதாக டென்னியல் வரைந்தார். ஈசாப் கதைக்குப் பழகிய கை ஒரு தேசத் தலைவரை மிருகமாக்கிற்று.

அதே ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி லிங்கன் அடிமை விடுதலைக்கு முன்னறிவிப்புப் பிரகடனம் செய்தார். வருகிற ஜனவரி முதல் நாள் வரையில் கலகம் ஓயாவிடில் கலக மாகாணங்களிலுள்ள அடிமைகள் விடுதலை பெறுவார்கள் என்பது அதன் சாரம். அக்டோபர் 18-ந் தேதிப் பஞ்ச் இதழைப் புரட்டியவர்கள் கண்ட காட்சி சூதாட்டம். லிங்கனும் தென்னாட்டானும் எதிரெதிரே சீட்டாடுகிறார்கள். ஆட்டமேஜை ஒரு வெடிமருந்துப் பீப்பாய். தோல்வி அடையும் லிங்கன் தலைமயிர் கொம்புபோல் விறைத்து நிற்க, கறுப்பு மனிதனின் முகம் எழுதிய கடைசிச் சீட்டை ஆவேசத்தோடு அறைகிறார். சரித்திரம் வேறு தீர்ப்புச் சொல்லிற்று. அடிமை விடுதலை போரின் நோக்கம் என்றானபின் தென்னாட்டை அங்கீகரிப்பது ஐரோப்பிய அரசுகளுக்கு அரிதாயிற்று. ஏறக்குறைய ஒரு லட்சத்து எண்பதாயிரம் கறுப்பு வீரர்கள் வடவரின் சேனையில் சேர்ந்து போரிட்டார்கள். சூதாட்டச் சீட்டென்று பரிகசிக்கப்பட்டதே போரையும் வென்றது, தர்மத்தையும் வென்றது.

1862 இலையுதிர் காலத்தில் அந்நியத் தலையீடு மெய்யாகவே கதவைத் தட்டிற்று. மெக்ஸிக்கோவில் காலூன்றிக்கொண்டிருந்த பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன், இங்கிலாந்து, பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் சேர்ந்து ஆறு மாதப் போர்நிறுத்தம் கோர வேண்டுமென்று யோசனை சொன்னார். சமாதானத்தின் வேஷத்தில் வந்த யோசனை. நடந்திருந்தால் நாடு இரண்டாகப் பிளந்து நிலைத்திருக்கும். இங்கிலாந்தின் மந்திரிசபை நவம்பரில் அதை நிராகரித்தது. இதைப் பற்றிய பஞ்ச் சித்திரத்தில், மடமையை நிறுத்தும்படி அமெரிக்கனுக்கு நாமிருவரும் சொல்லலாமே என்று நெப்போலியன் அழைக்க, உங்களிடம் அவருக்கு மதிப்பு அதிகம், நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்று பிரதம மந்திரி பாமர்ஸ்டன் நழுவுகிறார். படம் சிரிப்பூட்டும். தலையிடாமல் நின்றது நியாயத்துக்காகவா, லாப நஷ்டக் கணக்குக்காகவா என்பதையும் அது தன்னை அறியாமலே காட்டிக்கொடுக்கும்.

இந்தக் காலமெல்லாம் லங்காஷயர் தொழிலாளர் பட்டினியில் இருந்தார்கள். பருத்தி இல்லை, ஆலை இல்லை, கூலி இல்லை. முற்றுகையை உடைக்கக் கப்பற்படை அனுப்பு என்று அவர்கள் கேட்டிருந்தால் குற்றம் சொல்ல முடியாது. 1862 டிசம்பர் 31-ந் தேதி மாஞ்செஸ்டர் தொழிலாளர் கூட்டம் கூடி, அடிமை விடுதலையை வாழ்த்தி லிங்கனுக்கு மடல் அனுப்பிற்று. லிங்கன் நெகிழ்ந்து பதில் எழுதினார். வயிறு காய்ந்தவர்களுக்குத் தெரிந்த தர்மம் விருந்து மேஜைக்குத் தெரியவில்லை. பருத்தி விலை ஏறிய நம் கரிசல் நாட்டிலும், பருத்தி கிடைக்காத லங்காஷயரிலும் போரின் பாரத்தைச் சுமந்தவர்கள் சாமானியர். படத்தில் வந்தவர்கள் கனவான்கள்.

1863-இல் ரஷ்யக் கப்பற்படைகள் நியூயார்க்குக்கும் ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கும் வந்து தங்கின. வடவர் அவற்றை நேச நாட்டு வருகையாகக் கொண்டாடினார்கள். அக்டோபர் மாதம் டென்னியல் லிங்கனையும் ரஷ்யச் சக்கரவர்த்தியையும் கைகுலுக்க வைத்தார். போலந்தின் எழுச்சியை நசுக்கும் ஜாரும், தென்னாட்டை நசுக்கும் லிங்கனும் ஒரே இனம் என்பது படத்தின் பொருள். ரஷ்யனின் தலையீடு கண்ணை உறுத்திற்று. இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் துறையில் கட்டி 1862-இல் வெளியேறிய அலபாமா என்ற கப்பல், தென்னாட்டுக் கொடி பறக்க உலகக் கடல்களில் வடவரின் வணிகக் கப்பல்களைப் பிடித்தும் எரித்தும் திரிந்ததே, அதற்கு என்ன பெயர்? அந்தக் கப்பல் நம் மேற்குக் கரை வரையில் வந்தது. 1864 ஜனவரியில் ஓர் அமெரிக்கக் கப்பலை மலையாளக் கடலில் எரித்து, கைதிகளைத் திருவிதாங்கூரின் பக்கத்திலுள்ள அஞ்சுதெங்கில் இறக்கிவிட்டுப் போயிற்று. கடைசியில் 1872-இல் ஜினிவா நகரத்து மத்தியஸ்தர்கள் தீர்ப்பளிக்க, இங்கிலாந்து ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் நஷ்ட ஈடு கட்டிற்று. நடுநிலைமையின் பொய்க்கு விலை அதுதான்.

1865 ஏப்ரல் 14-ந் தேதி இரவு லிங்கன் நாடகம் பார்த்துக்கொண்டிருக்கையில் சுடப்பட்டார்; மறுநாள் காலை மரித்தார். அன்று நடந்த நாடகத்தை எழுதியவர் டாம் டெய்லர். அவர் பஞ்ச் மேஜையில் அமரும் எழுத்தாளர்களில் ஒருவர். விதியின் இந்தக் கூத்தைப் பாருங்கள். மே 6-ந் தேதி பஞ்ச் வெளிவந்தது. டெய்லர் எழுதிய இரங்கற்பா, நான்கு ஆண்டு இந்த மனிதரை ஏளனம் செய்த பத்திரிகையின் பேனாவும் பென்சிலும் தவறு செய்தன என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. டென்னியல் வரைந்த படத்தில் பிரிட்டானியா குனிந்து லிங்கனின் சடலத்தின் மேல் மலர்வளையம் வைக்கிறாள். அமெரிக்கா தேவி தலை கவிழ்ந்து அழுகிறாள். கீழே விலங்கு உடைந்த அடிமை ஒருவன் துக்கத்தில் அமர்ந்திருக்கிறான். சீட்டாட்டச் சீட்டில் முகமாக வந்தவன் இங்கே முழு மனிதனாக வந்தான். பிழையை ஒப்புக்கொள்வது பத்திரிகைகளுக்கு எளிதன்று. ஆதலால் பஞ்ச் அன்று செய்தது பாராட்டத்தக்கதே. ஆனால் அந்தப் பாராட்டைக் கேட்க லிங்கன் இல்லை.

இந்தியாவுக்கு அந்த மலர்வளையம் கிடைத்ததா? இல்லை. ஜயித்த லிங்கனிடம் மன்னிப்புக் கேட்ட மேஜை, தோற்ற இந்தியாவிடம் கேட்கவில்லை. 1876-இல் விக்டோரியா மகாராணிக்குச் சக்கரவர்த்தினிப் பட்டம் சூட்டும் மசோதா வந்தபோது, டிஸ்ரேலி அலாவுதீன் கதையின் மந்திரவாதியைப் போல் பழைய கிரீடத்துக்குப் புதுக் கிரீடம் மாற்றித்தர வருவதாக டென்னியல் வரைந்தார். பரிகாசம் டிஸ்ரேலியைச் சுட்டது; கிரீடத்துக்கு உரிய நாட்டாரை யாரும் அந்தப் படத்தில் கேட்கவில்லை. அயர்லாந்தின் சுதந்திர வீரர்களையோ அவர் குரங்கு முகமும் அரக்க உடலும் கொண்டவர்களாகவே பல ஆண்டுகள் எழுதினார்.

இத்தனையும் எழுதியவர் சொந்த வாழ்க்கையில் சாதுவான மனிதர். 1854-இல் மணம் செய்துகொண்டார். இரண்டே ஆண்டில் மனைவி க்ஷயரோகத்தால் இறந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. குதிரை ஏற்றமும் வேலையுமே அவர் பொழுதுபோக்கு. 1865-இலும் 1871-இலும் வெளிவந்த ஆலிஸ் கதைகளுக்கு அவர் வரைந்த படங்கள் உலகத்துக் குழந்தைகளை இன்றுவரையில் மகிழ்விக்கின்றன. 1864-இல் லீச் இறந்த பிறகு பஞ்ச் பத்திரிகையின் பிரதான சித்திரக்காரர் அவரே. ஈராயிரத்துக்கு மேற்பட்ட அரசியல் சித்திரங்கள் வரைந்தார். 1890 மார்ச்சில் ஜெர்மனியின் இளஞ் சக்கரவர்த்தி பிஸ்மார்க்கை விலக்கியபோது, மாலுமி கப்பலை விட்டு இறங்கிச் செல்வதாக அவர் எழுதிய படம் ஐரோப்பா எங்கும் புகழ் பெற்றது. 1893-இல் ஸர் பட்டம் வந்தது. 1901-இல் ஓய்வு பெற்றார். அவருக்கு நடந்த பிரிவுபசார விருந்துக்கு மந்திரி பால்பர் தலைமை வகித்தார். கடைசிக் காலத்தில் மீதியிருந்த கண்ணும் மங்கி இருளில் வாழ்ந்து, 1914 பிப்ரவரி 25-ந் தேதி, தொண்ணூற்று நான்காம் பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருக்கையில் மறைந்தார். ஆறு மாதத்துக்குள் உலக யுத்தம் மூண்டது.

அவர் செய்த ஆயுதம் அவர் மேஜையிலேயே தங்கிவிடவில்லை. நியூயார்க்கில் தாமஸ் நாஸ்ட் என்ற வாலிபர் டென்னியலின் படங்களைப் பார்த்துப் பயின்று, அதே போரில் லிங்கனின் பக்கம் நின்று வரைந்தார். தென்னாட்டோடு சமரசம் பேசுவோரைச் சாடி 1864-இல் அவர் வெளியிட்ட சித்திரம் அந்த ஆண்டுத் தேர்தலில் லிங்கன் கட்சிக்குப் பெருந்துணையாயிற்று. லக்னோவில் 1877-இல் அவத் பஞ்ச் தோன்றிற்று. பம்பாயில் ஹிந்தி பஞ்ச் நடந்தது. தமிழ்நாட்டில் 1906-இல் தொடங்கிய இந்தியா வாரப் பத்திரிகையில் எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதியார் அரசியல் சித்திரங்களை வெளியிட்டார். அந்த வகையில் தமிழில் வழி திறந்தவர் அவரே. அடக்குமுறை வந்தபோது 1908-இல் பத்திரிகை புதுச்சேரிக்குப் போயிற்று, 1910-இல் நின்றது. நான்கே ஆண்டு. ஆயினும் சிங்கம் புலியைத் தின்ற படத்துக்கு மறுபடம் எழுதலாம் என்று தமிழன் கண்டுகொண்டான். அதே கரிசல் நாடுதான் பாரதியாரையும் தந்தது.

டென்னியல் சரித்திரத்தில் நாம் கற்க வேண்டியது இரண்டு. படம் பேச்சைவிடப் பலமுள்ளது என்பது முதலாவது. தலையங்கத்தை மறுக்கலாம், படத்தை மறுப்பதற்குள் அது மனத்தில் பதிந்துவிடும். லிங்கனைக் கோமாளியாக நினைத்த ஆங்கிலேயரில் பலர் அவருடைய பேச்சில் ஒரு வரியும் படித்திராதவர், படத்தைப் பார்த்தவர். இரண்டாவது, கருத்துக்குத் தான் பொறுப்பல்ல என்று கைக்காரன் சொல்ல முடியாது. கோடு அவனுடையது என்றால் கோட்டின் விளைவும் அவனுடையதே. டாயில் எழுந்துபோனார், டென்னியல் உட்கார்ந்திருந்தார். எழுந்துபோகும் வழி மூடியிருக்கவில்லை.

அயல்வீட்டுச் சண்டை நமக்கும் அயலன்று. இலங்கையில் 1983 முதல் 2009 வரையில் உள்நாட்டு யுத்தம் நடந்தது. 1987 முதல் 1990 வரையில் நம் தேசத்துச் சேனையே அந்த மண்ணில் நின்றது. அப்போது நம் பக்கத்திலும் மேஜைகள் கூடின, படங்கள் அச்சாயின, சுவர்களில் ஏறின. அந்தப் படங்களில் எத்தனை யாழ்ப்பாணத்துத் தாயின் கண்ணீரிலிருந்து வந்தன, எத்தனை நம் ஊர்த் தேர்தல் கணக்கிலிருந்து வந்தன என்பதை ஒவ்வொருவரும் தம் மனத்தைக் கேட்டுக்கொள்ளட்டும். ஜான் புல் பருத்திக் கடையின் வாசலில் நின்றுகொண்டு அமெரிக்காவின் துயரத்தை அளந்தான். நாம் எந்தக் கடையின் வாசலில் நின்று அளந்தோம்?

இன்று பத்துத் தலைவர்களின் படத்தை ஒரே இரவில் அச்சிட்டுக் கொடுக்கச் சிவகாசியில் யந்திரங்கள் இருக்கின்றன. மரக்கட்டையில் பலர் சேர்ந்து செதுக்கிய காலம் போயிற்று. மேஜை மட்டும் போகவில்லை. ஏதோ ஓர் அறையில் நாலு பேர் உட்கார்ந்து எவன் புலி, எவன் சிங்கம், எவன் மரத்தில் ஏறிய பிராணி என்று இன்றும் முடிவு செய்கிறார்கள். படத்தை ஒட்டப் பசை எடுக்கும் தொண்டன், ஒட்டுவதற்கு முன் ஒரு கணம் நின்று, இதை முடிவு செய்த மேஜையில் யார் இருந்தார், யார் இல்லை என்று கேட்கட்டும். அந்த ஒரு கேள்வியை ஐம்பது ஆண்டில் ஒரு புதன்கிழமையாவது ஜான் டென்னியல் கேட்டிருந்தால், லிங்கனுக்கு மலர்வளையம் உயிரோடிருக்கையிலேயே வந்திருக்கும். 1857-இன் நீதி தேவதை தன் வாளை உறையில் போட்டிருப்பாள்.